நிறுத்திக் காட்டத் தகுந்த படங்கள்

ஒரு மனிதர் சூட்டும் ஷூவுமாகக் குளத்துக்குள் இறங்குகிறார். குனிகிறார். சேற்றை ஒரு கை அள்ளுகிறார். வகுப்பில் அறுபது பேரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நொடியில் நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்துவேன்.

"சற்று முன் இவர் ஓர் எண் சொன்னார். என்ன எண்?"

பாதிப் பேருக்கு நினைவிருக்காது. யாராவது ஒருவர், பெரும்பாலும் கடைசி வரிசையிலிருந்து, "நாற்பது லட்சம், மேடம்" என்பார்.

அந்த மனிதர் கணிதவியலாளர் ஜேக்கப் பிரனோவ்ஸ்கி. படம், வகுப்பில் காட்டுவதற்காக நான் பதிவு செய்து வைத்திருக்கும் ஆவணத் தொடர்களில் ஒன்று: 'தி அசென்ட் ஆஃப் மேன்', பிபிசி, 1973, மொத்தம் 13 பகுதிகள். குளம் இருக்கும் இடம் ஆஷ்விட்ஸ், போலந்தில் நாஜிகள் நடத்திய கொலை முகாம். அங்கே கொல்லப்பட்டவர்களின் சாம்பல் அந்தக் குளத்தில்தான் கொட்டப்பட்டது என்கிறார். அவர்களில் தன் குடும்பத்தாரும் பலர் என்கிறார். அவர் சொல்லும் கணக்கு சுமார் 40 லட்சம். இன்று வரலாற்றாய்வாளர்கள் ஏற்கும் கணக்கு சுமார் 11 லட்சம்.

ஓர் ஆண்டு ஒரு மாணவி முகம் சிவக்கக் கேட்டாள்: "அப்படியானால் இவர் பொய் சொல்கிறாரா, மேடம்?" இல்லை. 1945இல் முகாமை மீட்டபின் சோவியத் விசாரணைக் குழு கொடுத்த எண் அது. பல பத்தாண்டுகளுக்கு அந்த இடத்தின் நினைவுப் பலகைகளிலேயே அதுதான் இருந்தது. அதைத் திருத்தியவர்கள் அந்த முகாம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களே. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள் என்று ஆவணம் ஆவணமாகக் கூட்டிப் பார்த்துத் திருத்தினார்கள். எண் மாறியதைக் கையில் வைத்துக்கொண்டு கொலைகளே நடக்கவில்லை என்று பிதற்றும் கூட்டமும் உண்டு. மாணவர்கள் என்றாவது ஒரு நாள் இணையத்தில் அவர்களிடம் மாட்டிக்கொள்ளத்தான் போகிறார்கள். அதற்கு முன் என்னிடம் மாட்டிக்கொள்வது நல்லது.

இதில் எனக்குப் பிடித்த கூத்து என்னவென்றால், அந்த 11ஆவது பகுதியின் பொருளே அறிவுக்கும் உறுதிக்கும் உள்ள இடைவெளிதான். பார்வையற்ற ஒரு பெண் ஒருவரின் முகத்தை விரல்களால் தடவிப் பார்ப்பதில் தொடங்கி, எந்த அளவீட்டிலும் பிழைக்கு ஓர் இடம் உண்டு, அதை மறந்தவர்கள்தான் இந்தக் குளத்தை உண்டாக்கினார்கள் என்று முடிகிறது. அப்படிப்பட்ட பகுதியின் உச்சக்கட்டத்தில் ஒரு பிழையான எண். பிரனோவ்ஸ்கி அடுத்த ஆண்டே இறந்துபோனார். திருத்தத்தைக் கேட்க இருக்கவில்லை. கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக வரலாற்று ஆய்வுமுறை கற்பிக்கிறேன். அதில் பெரும்பகுதி, தொலைக்காட்சியில் வருவதைப் பதிவு செய்து வகுப்புக்குக் கொண்டுபோவதிலேயே கழிந்திருக்கிறது. புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் "எந்த ஆவணப்படங்களைப் பதிவு செய்து வைக்கலாம்?" என்று பட்டியல் கேட்பார்கள். நல்ல ஆவணப்படங்களின் பட்டியல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நான் பார்ப்பது வேறு: படத்தை நடுவில் நிறுத்தினால் வகுப்பு பேசத் தொடங்குகிறதா? அழகான படங்கள் பல இந்தச் சோதனையில் தோற்றுப்போகின்றன. நிறுத்தினால் "போடுங்கள் மேடம், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது" என்ற முனகல் மட்டும் வந்தால், அந்தப் படத்துக்கு என் அலமாரியில் இடமில்லை.

இந்தச் சோதனையில் எப்போதும் முதலிடம் பெறுவது, இரண்டாம் உலகப் போர் பற்றிய 'தி வேர்ல்ட் அட் வார்'. இங்கிலாந்தின் தேம்ஸ் தொலைக்காட்சி தயாரித்தது. 1973 அக்டோபர் முதல் 1974 மே வரை, 26 பகுதிகள். ஜெரமி ஐசக்ஸ் தயாரிப்பு, லாரன்ஸ் ஒலிவியே குரல். தொடக்கக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: ஆளில்லாத ஒரு பிரெஞ்சுக் கிராமம், கூரையில்லாத சுவர்கள், மேலிருந்து நகரும் கேமரா. ஓராடூர்-சூர்-க்ளான். 1944 ஜூன் 10ஆம் தேதி ஜெர்மன் படையினர் ஒரே பிற்பகலில் அந்த ஊரில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரை எரித்தார்கள். ஒலிவியேயின் குரல் அங்கே பதறுவதே இல்லை. அந்தப் பதறாமையைப் பற்றி மட்டும் ஒரு பாடவேளை பேசலாம்.

ஆனால் நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவது தொடக்கப் பகுதியை அல்ல, 10ஆவது பகுதியை. அட்லான்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை ஓநாய்க் கூட்டம்போல் வேட்டையாடியதும், 1943இல் நிலைமை தலைகீழானதும் அதில் வருகின்றன. நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸே உட்கார்ந்து பேசுகிறார். ரேடார், நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள், காவல் கப்பல்கள் என்று வெற்றிக்கான காரணங்கள் வரிசையாக வருகின்றன. எல்லாம் சரியான காரணங்கள்தாம்.

படத்தைப் போடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை கொடுப்பேன். நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று நேச நாட்டினருக்குத் தெரிந்ததாக வரும் ஒவ்வோர் இடத்திலும் "எப்படித் தெரிந்தது?" என்று ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முடிந்ததும் தாள்களை வாங்கிப் பார்த்தால் கேள்விகள் இருக்கும், சிலவற்றுக்குப் படத்தில் பதில் இருக்காது. காரணம் எளியது. எதிரியின் இரகசியச் சங்கேதச் செய்திகளை இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்ற இரகசிய மையத்தில் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்ற உண்மை, தொடர் ஓடி முடிந்த பிறகு, 1974இன் பிற்பகுதியில்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அதாவது இந்தத் தொடரை எடுத்தவர்கள் போரின் மிகப் பெரிய இரகசியங்களில் ஒன்றை அறியாமலேயே போரின் வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் ஓட்டை இருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு வரலாறு எவ்வளவு முழுமையாகத் தோன்றிக்கொண்டே குறையுள்ளதாக இருக்க முடியும் என்பதை இதைவிட நன்றாக என்னால் எந்தச் சொற்பொழிவிலும் விளக்க முடிந்ததில்லை.

இதே தொடரில் இன்னொரு பயிற்சியும் உண்டு. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு ஒரு போர்க்களக் காட்சியைப் போடுவேன். அக்காலப் போர்க்களப் படச்சுருள்களில் பெரும்பாலானவை ஒலியே இல்லாமல் எடுக்கப்பட்டவை. நாம் கேட்கும் குண்டுச் சத்தமும் டாங்கியின் உறுமலும் பிற்பாடு படத்தொகுப்பு அறையில் சேர்க்கப்பட்டவை. ஒலியோடு பார்த்தபோது "உண்மை" என்று எழுதிய கைகள், ஒலியில்லாமல் பார்த்தபின் தயங்கும். ஒரு மாணவன் கேட்டான்: "அப்படியானால் நான் இதுவரை பார்த்த இரண்டாம் உலகப் போரெல்லாம் டப்பிங் படமா, மேடம்?" ஏறத்தாழ அப்படித்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2010இல் இந்தத் தொடரைப் புதுப்பித்து வெளியிட்டபோது, ஏறக்குறையச் சதுரமான பழைய திரைக்காக எடுத்ததை இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது. தலையில் கொஞ்சம், காலில் கொஞ்சம் இல்லை. பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள், வீரர்கள் எல்லோரும் நெற்றி குறைந்து தெரிகிறார்கள். படச்சுருளையே ஓர் ஆவணமாகப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது ஓலைச்சுவடியின் ஓரங்களை அழகுக்காக நறுக்கியது போலத்தான். மங்கலாக இருந்தாலும் முழுச் சட்டகத்தில் கிடைக்கும் பழைய பதிவையே வைத்திருக்கிறேன்.

அடுத்து, கண்ணீர் விட வைக்கும் வகை. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி கென் பர்ன்ஸ் எடுத்த 'தி சிவில் வார்', அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், 1990 செப்டம்பர், ஐந்து இரவுகள் தொடர்ந்து, 9 பகுதிகள். பழைய புகைப்படங்களின் மீது கேமரா மெல்ல ஊர்ந்து போகும் அந்த உத்தி இவர் பெயரிலேயே கணினி மென்பொருளில் ஏறிவிட்டது. முதல் பகுதியின் முடிவில் ஒரு போர்வீரர் மனைவிக்கு எழுதிய கடிதம் படிக்கப்படும். சல்லிவன் பல்லூ என்பவர் 1861 ஜூலையில் எழுதியது. அடுத்து நடந்த போரில் காயம்பட்டு அவர் இறந்துபோனார். கடிதத்துக்குப் பின்னால் வயலினில் ஒரு சோக மெட்டு. வகுப்பில் கைக்குட்டைகள் வெளியே வரும். நானே முதல் இரண்டு முறை அழுதிருக்கிறேன், மறைப்பானேன்.

அழுது முடிந்ததும் நிறுத்திக் கேட்பேன்: "இந்த மெட்டு எந்த ஆண்டுக்கு உரியது?" எல்லோரும் 1860 என்பார்கள், கொஞ்சம் தெரிந்தவர்கள் "அயர்லாந்து நாட்டுப்புற மெட்டாக இருக்கலாம்" என்பார்கள். ஜே அங்கர் என்ற இசைக்கலைஞர் 1982இல் இயற்றியது அது. போருக்கும் அதற்கும் 120 ஆண்டு இடைவெளி. கடிதத்தின் மூலப் பிரதியோ இன்றுவரை கிடைக்கவில்லை, இருப்பவை படிகள்தாம். படத்தில் படிக்கப்பட்டதுகூட முழுக் கடிதமல்ல, பல வரிகள் குறைக்கப்பட்ட வடிவம். ஆக, அழவைத்தது எது? உண்மையா, எடிட்டரா, வயலினா? இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் போதாது. தொடரை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், அருமையான கைவேலை. கைவேலை என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பதினொரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் தொடர். முதல் பகுதி போதும், மற்றவற்றை மாணவர்கள் விருப்பம்போல் பார்த்துக்கொள்ளட்டும்.

சமூகவியல், உளவியல், கல்வியியல் துறைக்காரர்கள் ஒன்றே ஒன்றைப் பதிவு செய்யக் கேட்டால் 'அப்' தொடரைத்தான் சொல்வேன். 1964இல் கிரானடா தொலைக்காட்சியில் 'செவன் அப்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. ஏழு வயதுக் குழந்தைகள் 14 பேர். சிலர் பணக்காரப் பள்ளிகளிலிருந்து, சிலர் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து, சிலர் காப்பகத்திலிருந்து. இங்கிலாந்தில் பிறந்த இடம் ஒருவரின் வாழ்வை எவ்வளவு தூரம் முடிவு செய்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே நிகழ்ச்சியாக முடிந்திருக்க வேண்டியது. அப்போது ஆய்வாளராக வேலை பார்த்த இளைஞர் மைக்கேல் ஆப்டெட் ஏழாண்டு கழித்து அதே குழந்தைகளைத் தேடிப் போனார். பிறகு மறுபடி. 2019இல் அவர்களின் 63ஆவது வயதுவரை அது போயிற்று. 2021இல் ஆப்டெட் காலமானார்.

ஆய்வுமுறைப் பாடத்தில் மாதிரித் தேர்வு என்று ஓர் அத்தியாயம் வரும். மாணவர்கள் கொட்டாவி விடும் அத்தியாயம். இந்தப் படத்தைப் போட்டுவிட்டு 14 பேரில் பெண்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னால் போதும். நால்வர். பத்து ஆண்கள், நான்கு பெண்கள். 1964இல் இது யாருக்கும் உறுத்தவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்களின் வாழ்வில் எவ்வளவு பெரிய மாற்றங்கள் வரப்போகின்றன என்று அன்று யார் கண்டார்கள்? அதைத் தவறவிட்டதற்காக ஆப்டெட்டே பின்னாளில் வருந்தினார். இரண்டு ஓரங்களிலிருந்தும் ஆள் எடுத்துவிட்டு நடுத்தரக் குடும்பங்களை ஏறக்குறைய விட்டுவிட்டதையும் வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

அதைவிட நுட்பமானது, கேமராவே ஆட்களை மாற்றிவிட்டதா என்ற கேள்வி. ஏழாண்டுக்கு ஒருமுறை நாடே நம் தோல்வியைப் பார்க்கும் என்று தெரிந்தால் நாம் எப்படி வாழ்வோம்? அதில் வருபவர்கள் சிலர் கேமராவைப் பார்த்தே கசப்பைக் கொட்டியிருக்கிறார்கள். சிலர் சில சுற்றுகளுக்கு வர மறுத்திருக்கிறார்கள். ஒருவர் விலகிப்போய்த் தாமே ஆவணப்படத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்! ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுகிறேன். ஏழு வயதில் ஒரு குழந்தை கொடுத்த சம்மதம் அறுபத்து மூன்று வயதுவரை செல்லுமா? விண்ணப்பப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், பழைய காட்சிகள் அதிலேயே வருகின்றனவே என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய காட்சிகளிலிருந்து எதைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார்கள் என்பது மாறுகிறது. இருபத்தொரு வயதில் குற்றவாளியாகிவிடுவானோ என்ற பார்வையில் இயக்குநர் பார்த்த ஒரு பையன், பின்னாளில் குடும்பஸ்தனாக, உழைப்பாளியாக நிற்கும்போது, பழைய துண்டுகளுக்கே வேறு பொருள் வந்துவிடுகிறது. தன் கணிப்பு தவறு என்று இயக்குநரும் ஒப்புக்கொண்டார். இதைக் காட்ட எல்லாச் சுற்றுகளும் வேண்டும்.

இயற்கை ஆவணப்படங்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டால் விலங்கியல் துறை நண்பர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். என் சோதனையில் இவைதான் அதிகம் தோற்கின்றன. பனி, திமிங்கிலம், இசை, டேவிட் அட்டன்பரோவின் குரல். நிறுத்தினால் பேச ஒன்றுமில்லை, வாயைப் பிளந்து பார்த்திருப்பதைத் தவிர. விதிவிலக்கு 'ஃப்ரோசன் பிளானெட்', 2011. அதில் பனிக்கரடிக் குட்டிகள் குகைக்குள் தாயோடு இருக்கும் காட்சி வரும். வடதுருவத்துக் குகைக்குள் கேமரா போனது போலத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். குட்டிகள் இருந்தது ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலை ஒன்றில். அந்த ஆண்டு டிசம்பரில் இது பெரிய சர்ச்சையாயிற்று. வர்ணனையில் நேரடியான பொய் எதுவும் இல்லை, தயாரிப்புக் குழுவின் இணையதளத்தில் உண்மையும் இருந்தது என்று பிபிசி தரப்பில் சொன்னார்கள். காட்டுக் குகைக்குள் கேமரா வைத்தால் தாய்க்கரடி குட்டிகளைக் கைவிடவோ கொல்லவோ கூடும் என்பதும் நியாயமான வாதம். பொய் சொல்லாமலேயே ஒருவரைத் தவறாக நம்ப வைக்க முடியுமா? அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன். மீதியை வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

கலை விமர்சகர் ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1972, பிபிசி, அரை மணி நேரப் பகுதிகள் நான்கு. முதல் காட்சியிலேயே அவர் ஒரு கத்தியை எடுத்துப் புகழ்பெற்ற ஓவியத்தின் நகலிலிருந்து ஒரு முகத்தை அறுத்து எடுக்கிறார். ஓர் ஓவியத்தின்மேல் இசை மாறினால் ஓவியமே மாறுவதைச் செய்து காட்டுகிறார். கடைசியில், இந்த நிகழ்ச்சியையும் நம்பாதீர்கள், படங்களை அடுக்கியது நான்தான் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறார். நான் செய்ய வேண்டிய வேலையைப் படமே செய்துவிடுகிறது, ரிமோட்டுக்கு வேலையில்லை. அரை மணி நேரம்தான் என்பதால் ஒரு பாடவேளைக்குள் அடங்கி, விவாதத்துக்கும் நேரம் மிச்சமாகிறது. முதல் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

கணிதத் துறைக்கு என்று கேட்டால், பிபிசியின் 'ஹொரைசன்' அறிவியல் வரிசையில் 1996இல் வந்த, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் யாராலும் நிரூபிக்க முடியாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் பற்றிய பகுதி. அதை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸ் தன் மேசை முன் உட்கார்ந்து, 1994இல் தன் நிரூபணத்திலிருந்த பிழையைச் சரிசெய்த அந்தக் கணத்தைச் சொல்ல வருகிறார், சொல்ல முடியாமல் தொண்டை அடைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சமன்பாடுகளைப் பற்றி அந்தப் படம் விளக்குவது குறைவு. ஆனால் ஏழாண்டு தனியாக உழைத்து, 1993இல் உலகத்துக்கு அறிவித்து, பிறகு ஓட்டை தெரியவந்து, மறுபடி மேசைக்குத் திரும்பிய ஒருவரை, மூன்றாம் ஆண்டில் சோர்ந்துபோய் நிற்கும் ஆய்வு மாணவன் பார்க்க வேண்டும்.

இணையத்தில் எல்லாமே கிடைக்கிறதே, இன்னும் எதற்குப் பதிவு என்று துறைத் தலைவர் ஆண்டுக்கொரு முறை கேட்பார். அவருக்கு நான் சொல்லும் பதில் 'ஐஸ் ஆன் தி பிரைஸ்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் பற்றி ஹென்றி ஹாம்ப்டனின் பிளாக்சைடு நிறுவனம் எடுத்தது. 1987இல் 6 பகுதிகள், 1990இல் மேலும் 8. அந்தப் பொருளில் அதற்கு இணையான தொடர் இல்லை என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். போராட்டத்தில் நின்றவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்பும் பேசுகிறார்கள். நிபுணர் என்று யாரும் வந்து நமக்குப் பொருள் சொல்வதில்லை. ஆனால் அதிலுள்ள செய்திப் படத் துண்டுகள், புகைப்படங்கள், பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமை வாங்கியிருந்தார்கள். பணம் அவ்வளவுதான் இருந்தது. 1990களில் உரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, தொடரை மறுபடி ஒளிபரப்பவும் முடியவில்லை, புதிதாக விற்கவும் முடியவில்லை. 2006இல்தான் மறுபடி பிபிஎஸ்ஸில் வந்தது. நடுவில் கழிந்த ஆண்டுகளில் அதைக் கற்பிக்க முடிந்தவர்கள், நூலகத்திலோ அலமாரியிலோ பழைய கேசட் வைத்திருந்த ஆசிரியர்கள் மட்டுமே.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவும், கல்வி நிலையங்களுக்கான ஈஆர்ஏ உரிமமும் ஒளிபரப்புகளைப் பதிவு செய்து கற்பிக்க வழிவிடுகின்றன; பதிவுகளைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரட்டித் தரும் இணையச் சேவைகூட அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பதிவை 45 நாள்தான் வைத்திருக்கலாம், அதிலும் முதல் 10 வகுப்பு நாள்களுக்குள் காட்டிவிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் கேளுங்கள். நூலகர்களுக்கு இது தெரியும். நம்மில் யாரும் கேட்பதில்லை என்ற வருத்தமும் அவர்களுக்கு உண்டு.

பதிவுக் கருவி விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். செட்டாப் பாக்ஸில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் தொடர் முழுவதும் பதிவாகிவிடும் என்று மயங்கி, நான்காண்டு அதிலேயே சேர்த்தேன். ஒருநாள் பெட்டி இயங்கவில்லை. பழுது பார்க்க வந்தவர் புதிய பெட்டியை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்த பதிவுகள் அந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் திறக்காதபடி பூட்டப்பட்டவை என்று வாடிக்கையாளர் சேவையில் பொறுமையாக விளக்கினார்கள். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா, மேடம்?" என்றும் கேட்டார்கள். நாற்பத்தேழு நிகழ்ச்சிகள். இப்போது சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் தனி வட்டில் படி எடுத்துத் துறை நூலகத்தில் கொடுத்துவிடுகிறேன்.

பதிவின் மேலட்டையில் தலைப்பை மட்டும் எழுதினால் போதாது. சேனல், தேதி, முதல் ஒளிபரப்பா மறுஒளிபரப்பா, விளம்பரத்துக்காக எத்தனை நிமிடம் குறைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அறிவிப்பாளர் அதை எப்படி அறிமுகம் செய்தார், அதற்கு அடுத்து என்ன நிகழ்ச்சி வந்தது என்பதும் ஆவணம்தான். இனப்படுகொலை பற்றிய படம் முடிந்து எழுத்துகள் ஓடி முடிவதற்குள் திரையைச் சுருக்கிவிட்டு அடுத்த நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அழைப்பு விடுத்த ஒரு பதிவு என்னிடம் இருக்கிறது. அந்த முப்பது நொடியை வைத்து ஒரு மாணவி ஆய்வேடே எழுதினாள்.

அந்த ஐந்து நிமிடப் பாடத்தை நான் கற்றதும் பட்டுத்தான். கடலில் மூழ்கிய ஒரு பழைய வணிகக் கப்பலைப் பற்றிய படம், பெயர் சொல்லுமளவுக்குப் புகழ்பெற்றதல்ல. அதற்கு முன் நடந்த விளையாட்டுப் போட்டி நேரம் கடந்து இழுத்தடிக்க, படம் தள்ளிப்போய், கேசட் முடிவுக்கு முன்பே நின்றுவிட்டது. அட்டையில் சிவப்பு மையில் 'கடைசி 6 நிமிடம் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். கப்பல் ஏன் மூழ்கியது என்று மூன்று சான்றுகளைக் காட்டிவிட்டு, முதன்மை ஆய்வாளர் வாயைத் திறக்கிறார், திரை நீலமாகிறது.

எறிந்துவிட இருந்தேன். ஒரு நாள் வேறு எதுவும் தயாராக இல்லாமல் அதையே வகுப்பில் போட்டேன். நீலத்திரை வந்ததும் கூச்சல். "முடிவை நீங்களே எழுதுங்கள், படத்தில் காட்டிய சான்றுகளை மட்டும் வைத்து" என்றேன். இன்று அதை டிவிடியாக மாற்றிவிட்டோம், நீலத்திரை உட்பட. முழுப் படமும் பிற்பாடு நூலகத்துக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதைக் கடைசியில் போடுவேன். ஒவ்வோர் ஆண்டும் பாதி வகுப்பு புயல் என்று எழுதும், பாதி வகுப்பு அதிகச் சுமை என்று எழுதும். படத்தில் வரும் ஆய்வாளரும் புயல் என்றே முடிக்கிறார். போன ஆண்டு ஒரு மாணவன் ஒரே பத்தி எழுதிக் கொடுத்தான்: மூன்று சான்றுகளில் இரண்டு ஒரே முக்குளிப்பாளர் சொன்னவை, ஆகவே அவற்றை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், கப்பல் ஏன் மூழ்கியது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. எட்டு முறை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தாளை மடித்து டிவிடி உறைக்குள் வைத்திருக்கிறேன்.